முதலில் திறப்பவர்

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கும் அந்தச் சிறிய பயிற்சி நிலையத்தில், அறைக்கு ஒன்றாக வைத்திருந்த கணினிகள் எல்லாம் ஒரே பல்லவியைப் பாடின: "கோப்பு வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது." யார் அந்த வேறொருவர் என்பதை மட்டும் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

"ஃபைலம்மா!" என்று நான்கு அறைகளிலிருந்தும் குரல் வந்தது.

ஃபைலம்மா என்பது அலுவலகப் பொறுப்பில் இருந்தவளுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். நாற்பத்தைந்து வயது. ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டாள், துளை போட்டுக் கோத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஏன் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். நமக்கும் இப்போதே தெரிந்துவிடட்டும், ஒளித்து வைத்து யாருக்கு என்ன லாபம்?

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், நிலையத்து வேன் டிரைவருடைய மகளின் பயிற்சி நோட்டு காணாமல் போனது. எந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள், எந்தச் சொல்லை முதலில் சொன்னாள், எங்கே தடுக்கினாள் என்று நான்கு மாத விவரம் அதில் இருந்தது. அந்த வாரம்தான் வேலையை விட்டுப் போன ஒரு டீச்சர் கையோடு கொண்டு போயிருப்பாள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்து ஃபைலம்மா தன்னுடைய பழைய பட்டியல் ஒன்றைப் புரட்டியபோது, பழைய காகிதக் கடைக்கு அனுப்பிய மூட்டைகளின் விவரம் கண்ணில் பட்டது. 'மூன்றாம் அலமாரி, நீல அட்டை நோட்டுகள்' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பிள்ளையின் நோட்டும் நீல அட்டைதான், மூன்றாம் அலமாரிதான், தேதியும் அதே வாரம்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நாலைந்து தடவை வாய்வரை வந்து, அப்படியே விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பதிலாக டேட்டாபேஸ் செய்யக் கற்றுக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளின் நோட்டும் ஒரே இடத்தில், முன்னறை மேசைக்கு அடியில் இருக்கும் பெரிய கணினியில். எந்த அறையிலிருந்து திறந்தாலும் எந்தப் பிள்ளையின் பக்கமும் கிடைக்கும். அலமாரி இல்லை, நீல அட்டை இல்லை, மூட்டை இல்லை. கணினிப் படிப்பு எதுவும் அவளுக்குக் கிடையாது. தன் மேலேயே இருந்த ஆத்திரம்தான் ஆறு மாதம் அவளைப் படிக்க வைத்தது.

நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா நல்லவர். ஆனால் கறார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க," என்று சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். ஒழுங்கா ஓடலைன்னா பழையபடி நோட்டுதான். பிள்ளைங்க வகுப்பு நேரத்துல நாம விளையாட முடியாது."

நோட்டு திரும்பி வந்தால் என்றைக்காவது இன்னொரு பிள்ளையின் நான்கு மாதமும் மூட்டைக்குள் போகும். இது ஃபைலம்மாவுக்கு எழுதி ஒட்டினாற்போல் தெரிந்தது.

திங்கட்கிழமை பெரிய கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். பத்து மணிக்கு எல்லா அறைகளிலும் திறந்துகொண்டது. முதல் வகுப்பு போனது போனதுதான். செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அதே பல்லவி. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒவ்வொருவர் கடவுச்சொல்லையும் மாற்றிக் கொடுத்தாள். பெரிய டீச்சர் தன்னுடையதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் எழுதி வைத்துவிட்டு, கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டைத் தேடிய கதையைச் சொல்லி மாளாது. வயர்களை எல்லாம் பிடுங்கிச் செருகினாள். தூசு தட்டினாள். அடுத்த காலை வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவளைக் குழப்பியது ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட பொதுக் கோப்பை யாராவது திறந்தால், அதன் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கோப்பு தானாக முளைக்கும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று சொல்கிற மாதிரிதான். எல்லோரும் வெளியே வந்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். காலையில் பூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் போய்ப் பார்த்தபோது அந்தக் குட்டிக் கோப்பே இல்லை. வாசலில் செருப்பு இல்லை, ஆனால் யாரோ உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்!

"அப்போ அது பேய்தான்," என்றார், காது மெஷினுக்காகப் பிள்ளைகளின் காதில் அச்சு எடுக்கும் அச்சுக்காரர். "பேய்க்குத்தான் காலே கிடையாதே, செருப்பு எங்கேருந்து வரும்?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு," என்று ஃபைலம்மா எரிந்து விழுந்தாள். பிறகு, மனுஷர் சும்மா சிரிக்க வைக்கத்தானே சொன்னார் என்று தோன்றி, அவருக்குத் தேநீர் எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை எல்லா அறைகளிலும் தொட்டவுடன் திறந்தது. டாக்டரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். வியாழக்கிழமை காலை மறுபடி இறுக்கிப் பூட்டிக்கொண்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் ஃபைலம்மா சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"தட்டுல என்னத்த தேடற? அங்கயும் யாராவது பூட்டிட்டாங்களா?"

"நாளைக்கு மத்தியானத்தோட எல்லாம் முடிஞ்சுது. நோட்டு திரும்பி வந்துடும்."

"வந்தா வரட்டுமே. உன் வேலைய எடுத்துடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

அவரிடமும் அவள் சொன்னதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரே சொன்னார்: "எட்டரை மணிக்குப் போயி பூட்டியிருக்கு பூட்டியிருக்குன்னு அழறதுக்கு, பூட்டறவன் வர்ற நேரத்துக்குப் போயேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் நிலையத்தின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முன்கட்டிடம் முழுக்க இருட்டு. பின்பக்கம், வண்டிச் சாவிகள் மாட்டி வைக்கும் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கணினி ஒன்றை அங்கே போட்டிருந்தார்கள். அதன் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், திரையில் விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வேன் டிரைவர். பிள்ளைகள் எல்லாம் வேன் மாமா என்று கூப்பிடுவதால் பெரியவர்களுக்கும் அவர் வேன் மாமாதான். அவளுக்கு மட்டும் தம்பி.

"என்ன தம்பி, இந்நேரத்துலயே?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "ஒண்ணுமில்லக்கா. பிள்ளைங்க அட்ரஸ் பாத்துக்கிட்டிருந்தேன்."

திரையில் அட்ரஸ் இல்லை. அவர் மகளின் பக்கம் இருந்தது. டிரைவர் என்ற முறையில் பிள்ளைகளை ஏற்றும் இடமும் நேரமும், தகப்பன் என்ற முறையில் தன் மகளின் பக்கமும் அவர் பார்க்கலாம் என்று ஃபைலம்மாதான் அனுமதி போட்டிருந்தாள். அவர் பெயருக்கு நேரே 'பார்க்க மட்டும்' என்று குறியிட்டதும் அவள்தான். எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று.

"பாப்பா பக்கமா?"

"ஆமாக்கா." அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வந்ததும் ஒரு தடவ பாத்துக்குவேன். இருக்கான்னு."

"இருக்கான்னா?"

"பக்கம் இருக்கான்னுதான். நோட்டு போன மாதிரி போயிடக் கூடாதில்ல? அப்படியே நேத்து டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னும் பாத்துப்பேன். பாப்பாவ முன் சீட்டுல உக்கார வச்சு, வர்ற வழியெல்லாம் அதையே சொல்லவச்சுக்கிட்டு வருவேன்."

ஃபைலம்மா மெல்லக் கேட்டாள். "பாத்துட்டு மூடிடுவீங்களா?"

"மூட மாட்டேன்க்கா. சின்னதாக்கி அப்படியே கீழ வச்சுட்டுப் போவேன். மூடிட்டா மறுபடி வரலைன்னா என்ன பண்றது? திங்கக்கிழம அப்படித்தான் ஆச்சு. மத்தியானம் வந்து பாத்தா பாப்பா பக்கத்தையே காணோம், வெள்ளையா என்னமோ எழுதியிருந்துச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. அதுலேருந்து இன்னும் சீக்கிரமா வந்துடறேன்."

திங்கட்கிழமை பெரிய கணினியை அணைத்துப் போட்டது யார்? இவள்தான். இவள் அணைக்க அணைக்க அவர் பயந்து சீக்கிரம் வந்தார். அவர் சீக்கிரம் வர வர இவள் அணைத்தாள். புதன்கிழமைகளில் மட்டும் அவர் வண்டியை முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கிருந்தே கிளம்பிவிடுவார்.

முன்னறைக்கு ஓடிப் போய்ப் பெரிய கணினியில் பார்த்தாள். சந்தேகமே இல்லை, குட்டிக் கோப்பு இல்லை. பார்க்க மட்டும் அனுமதி உள்ள மனிதரால் அந்த இடத்தில் புதிதாக ஒரு சின்னக் கோப்பைக்கூட உண்டாக்க முடியாது. மற்றவர்களுக்குப் பின்னால் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முதல் ஆளாக வந்ததால், தான் உள்ளே இருப்பதை அவரால் பதிய முடியவில்லை. யாரோ இருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை என்று கோப்பு மிரண்டு போய் மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டது. நான்கு நாளாகத் தேடிய பேய், அவள் தன் கையால் போட்ட ஒரு குறி.

சாவி அறைக்குத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயய்யோ, என்னாலயா இத்தனை பேருக்கும் திறக்கல?"

"உங்களால இல்ல தம்பி. அனுமதி போட்டது நான். இப்ப அதை மூடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் கை மவுஸ் மேல் போய் அப்படியே நின்றது. "மூடினா இருக்கும்ல?"

"இருக்கும்."

"நீங்க சொன்னா சரிதான்க்கா," என்று அவர் மூடினார். "நீங்க ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தொலைக்காதவங்க. நோட்டைத் தூக்கிட்டுப் போனாங்களே அந்த டீச்சர், அவங்க மாதிரியா?"

விழுங்கி விழுங்கி வைத்திருந்தது அதற்கு மேல் உள்ளே நிற்கவில்லை.

"அந்த டீச்சர் எடுத்துட்டுப் போகல," என்றாள் ஃபைலம்மா. "நான்தான் தம்பி. மூணாவது அலமாரிய ஒழிச்சப்ப, பழைய நோட்டோட சேத்து மூட்டை கட்டிட்டேன். எனக்கே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் வரல."

அவர் அவளையே பார்த்தார். கோபமா வருத்தமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பச்சைச் சாக்கு, நாலு மூட்டை," என்றார் கடைசியில். "அதுதானே?"

"ஆமா."

"அதைக் கடையில கொண்டு போய்ப் போட்டது நான்தான்." சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "நேரமாச்சுக்கா. பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."

வேன் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். முன்னறைக்குப் போய்த் தானே முதலில் கோப்பைத் திறந்து வைத்தாள். எட்டரைக்கு எல்லா அறைகளிலும் தொட்டவுடன் திறந்தது. ஐந்து நாளாக எதற்காக ஏங்கினாளோ அது நடந்தது. அவளுக்கு அதில் துளி சந்தோஷம் இல்லை.

மத்தியானக் கூட்டத்தில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நியாயமாகத்தான் சொன்னார்: "காரணம் தெரிஞ்சு போச்சில்ல? டிரைவர் பேரை எடுத்துடுங்க. ஏத்தற நேரத்தைத் தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்."

"எடுத்தா இன்னைக்குச் சரியாயிடும் டாக்டரம்மா," என்றாள் ஃபைலம்மா. "ஆனா தப்பு அவர் உள்ள வந்ததுல இல்ல. பாதி உள்ள விட்டதுல இருக்கு. பாக்க மட்டும்னு இன்னொருத்தருக்குக் குடுத்தா, அவரு முதல்ல வந்த அன்னைக்கு இதே கதைதான். திறக்கற எல்லாருக்கும் அந்த இடத்துல எழுத அனுமதி வேணும். எதை எழுதலாம், எதைத் தொடக் கூடாதுங்கறதை உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நான் கட்டுப்படுத்தித் தர்றேன். அவருக்கு வீட்டுக் குறிப்புன்னு ஒரு இடம் போட்டுக் குடுத்தா, வண்டியில அவர் பழக்கறதை அவரே எழுதுவாரு."

"வண்டியிலயா?" என்று பெரிய டீச்சர் நிமிர்ந்தார். "அதான் அந்தப் பாப்பா டக்டக்குன்னு பிடிச்சுக்கறாளா! நான் பாட்டுக்கு அவங்கம்மாவப் புகழ்ந்துக்கிட்டே இருந்தேன். அவங்க திருதிருன்னு முழிப்பாங்க. அடக்கம்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஃபைலம்மா நோட்டு விஷயத்தையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேலைய விட்டுப் போன அந்தப் பொண்ணு கேட்ட நன்னடத்தைக் கடிதத்தை நான் குடுக்கல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது டாக்டரம்மா."

"இன்னைக்கு அவளுக்கு ஃபோன் பண்ணப் போறேன். நீங்க பக்கத்துல இருக்கணும். நீங்களே பேசணும்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "நோட்டு திரும்பி வர வேண்டாம். நீங்க சொன்ன மாதிரியே அனுமதியப் போடுங்க," என்றார்.

ஃபோனில் அந்தப் பெண் அதிர்ந்து பேசவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஃபைலம்மாவுக்கு இருந்தது.

சாயங்காலம் அனுமதியை மாற்றிவிட்டு, சாவி அறைக் கணினியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'தம்பி, இனிமேல் நீங்கள் எழுதவும் முடியும். பாப்பா பக்கத்தில் வீட்டுக் குறிப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. தைரியமாக மூடலாம், எங்கும் போகாது.' வேன் திரும்பி வந்தது. அவர் சாவியை மாட்டிவிட்டு, முன்னறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ஒன்றேகால் வருடம் மறைத்தவளுக்கு இதுகூட அதிகம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நிலையத்துக்கு லீவான அந்த இரண்டு நாளும் அவளுக்கு நகரவே இல்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதல்முறையாகக் கிண்டல் செய்யாமல் கேட்டார். அது அவளை இன்னும் கலக்கியது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்தாள். கேட்டில் வாட்ச்மேன், "சனிக்கிழம லீவுன்னு சொன்னீங்க, வேன் மாமா நாள் பூராவும் இங்கதானே இருந்தாரு? ஒத்த விரலால டைப் அடிச்சுக்கிட்டே இருந்தாரு," என்றார்.

பெரிய கணினியின் திரையைப் போட்டாள். குட்டிக் கோப்பு ஒழுங்காக முளைத்திருந்தது. அதில் முதல் பெயர் சாவி அறைக் கணினி. அவள் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் திறந்தாள். வீட்டுக் குறிப்பில் ஒரு வரியாவது இருக்காதா என்று ஏங்கியவளின் கண்முன்னால் அறுபத்து மூன்று குறிப்புகள் இருந்தன. அத்தனையும் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதிகள். தொலைந்துபோன அந்த நான்கு மாதம்.

'வண்டி ட்ரிப் நோட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் அன்றன்றைக்கு எழுதி வைத்தது,' என்று தொடங்கியிருந்தார். 'யாரும் கேட்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.'

'ஹாரன் அடித்ததும் திரும்பினாள். முதல் தடவை.'

'பா என்றாள். என்னையா பஸ்ஸையா தெரியவில்லை. என்னை என்று வைத்துக்கொண்டேன்.'

'காது மெஷின் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.'

'அம்மா என்று முழுசாகச் சொன்னாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பத்து நிமிஷம் லேட்.'

எழுதியவர் யார் என்ற இடத்தில் ஃபைலம்மா வசதிக்காக 'டிரைவர்' என்று முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். அறுபத்து மூன்று இடத்திலும் அதை அழித்துவிட்டு 'அப்பா' என்று அடித்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் கீழே, இன்று காலைத் தேதியில் ஒரு குறிப்பு இருந்தது: 'பழைய நோட்டு பற்றி. மூட்டை கட்டியது ஆபீஸ் அக்கா. ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டது நான். வேறு யார் மேலும் தப்பில்லை. இரண்டு பேரும் தெரியாமல் செய்தது.'

ஃபைலம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் உள்ளே வந்த பெரிய டீச்சர் பதறிப்போய்க் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தார்.

"என்ன ஃபைலம்மா, மறுபடியும் திறக்கலையா?"

"இல்ல டீச்சர்," என்றாள் அவள், திரையை அவர் பக்கம் திருப்பி. "எல்லாம் திரும்பி வந்துடுச்சு."